வர்ணத்தின் இரண்டாம் காலமும் அடையாற்றுப் பாலமும்: தயங்கி நிற்கும் இடத்தைக் கடப்பது எப்படி?

ஏழாம் தந்தி (சென்னை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது. 41ஆம் வயதில் வீணை கற்கத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு, மருத்துவர் அறிவுரைப்படி நடக்கப் போய், நடை மெல்ல மெல்ல ஓட்டமாக மாறியது. இவ்விரண்டிலும் எனக்கு ஒரே மாதிரியான தடுமாற்றம் நேர்கிறது. அதைப் பற்றி இங்கே கேட்க வேண்டும் என்று பல நாளாக எண்ணியிருந்தேன்.

வியாழன்தோறும் அலுவலகம் முடிந்து நேரே வீணை வகுப்புக்குப் போகிறேன். உடன் கற்பவர்கள் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். இப்போது மோகன ராகத்தில் ஆதி தாள வர்ணம் என்ற பயிற்சிப் பாடல் நடக்கிறது. முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், அதன் முதல் பகுதிகளான பல்லவி, அனுபல்லவி, முக்தாயி சுவரம் மூன்றும் ஓரளவு ஒழுங்காக வருகின்றன. ஆசிரியை "இரண்டாம் காலம்" (இரட்டை வேகம்) என்று சொல்லித் தாளத்தைத் தொடங்கியதும், அனுபல்லவி முடிந்து முக்தாயி சுவரத்துக்குள் நுழையும் இடத்தில் என் இடக்கை நின்றுவிடுகிறது. தந்தியை அழுத்த வேண்டிய மெட்டை விரல் சென்றடையும் முன்பே 'இது தவறப் போகிறது' என்று மனம் சொல்லிவிடுகிறது, சொன்னபடியே தவறுகிறது. உடனே மீட்டுவதை நிறுத்தி மன்னிப்புக் கேட்கிறேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசித்தால் அதே இடம் பத்தில் ஆறேழு முறை சரியாக வருகிறது. என்னை அதிகம் வருத்துவது அதுதான்.

ஓட்டத்திலும் இதே கதை. ஜனவரியில் அரை மாரத்தான் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். ஞாயிறு காலையில் திருவான்மியூரில் புறப்பட்டு, பெசன்ட் நகர், அடையாறு, சாந்தோம் வழியாகக் கலங்கரை விளக்கம் வரை சென்று அதே வழியில் திரும்புவது என் நீண்ட ஓட்டம். திரும்பும்போது, ஏறக்குறைய 14ஆவது கிலோமீட்டரில், அடையாற்றின் மேலுள்ள திரு.வி.க. பாலம் கண்ணில் பட்டதும் 'இதற்கு மேல் உன்னால் ஆகாது' என்ற எண்ணம் எழுகிறது. கடந்த ஐந்து ஞாயிறுகளில் நான்கு முறை அங்கே ஓட்டத்தை விட்டுவிட்டு மீதித் தொலைவை நடந்தே வந்தேன். காலில் வலி எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் இயல்பாகிவிடுகிறேன். ஆகவே உடல் முடியாமல் நின்றதா, மனம் நிறுத்தியதா என்று எனக்கே விளங்கவில்லை.

வகுப்பில் ஆசிரியை கேட்டுக்கொண்டிருப்பதால் கை நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பாலத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாரும் இல்லையே. இவை இரண்டும் ஒரே ஐயத்தின் இரு வடிவங்களா, அல்லது வெவ்வேறானவையா? பட்டுத் தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் மிக்க நன்றியுடையவளாக இருப்பேன். "தன்னம்பிக்கை வேண்டும்" என்பதைப் பலர் அன்போடு சொல்லிவிட்டார்கள். அதை எங்கிருந்து, எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.


நெடுவழி (கோயம்புத்தூர்) எழுதியது:

வணக்கம் சகோதரி. வீணையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஓட்டத்தைப் பற்றிப் பதினைந்து ஆண்டு அனுபவத்தில் சொல்ல முடியும். விடை சொல்லும் முன் மூன்று விவரங்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள்? முதல் ஐந்து கிலோமீட்டரை என்ன வேகத்தில் ஓடுகிறீர்கள்? நீங்கள் முழு முயற்சியோடு 10 கிலோமீட்டர் ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும்?


ஏழாம் தந்தி எழுதியது:

புறப்படுவது 5.45 மணிக்கு. முதல் ஐந்து கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 வினாடி என்ற வேகத்தில் ஓடுகிறேன். 10 கிலோமீட்டர் போட்டி ஒன்றில் 66 நிமிடத்தில் முடித்தேன். அதுதான் என் சிறந்த நேரம்.


நெடுவழி எழுதியது:

உங்கள் எண்களே பாதி விடையைச் சொல்லிவிட்டன. 10 கிலோமீட்டரை 66 நிமிடத்தில் ஓடினால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 36 வினாடி ஆகிறது. அது முழு முயற்சியில் நீங்கள் எட்டிய வேகம். நீண்ட ஓட்டத்தை அதைவிட நான்கே வினாடி குறைந்த வேகத்தில் தொடங்குகிறீர்கள். அதாவது ஞாயிறுதோறும் நீங்கள் ஒரு போட்டி ஓடி, அதன் முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகும் எட்டுக் கிலோமீட்டர் ஓட முயல்கிறீர்கள். 14ஆவது கிலோமீட்டரில் எழும் அந்தக் குரலை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். கணக்குத் தெரிந்த ஒருவர் உள்ளே இருந்து சொல்லும் எச்சரிக்கை அது.

சென்னையின் காற்று இதை இன்னும் கடுமையாக்குகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிகிறது. ஆவியானால்தான் உடல் குளிரும். குளிர்விக்க வேண்டிய இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது, வியர்வையால் உடல்நீரும் குறைகிறது, ஆகவே வேகம் மாறாமல் இருந்தும் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. 5.45க்குப் புறப்பட்டால் பாலத்துக்குத் திரும்பும் நேரத்தில் வெயிலும் ஏறியிருக்கும்.

உடலா, மனமா என்று கேட்டீர்கள். இது ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக நடக்கும் வழக்கு. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் டிம் நோக்ஸ், உடல் உண்மையில் ஓய்ந்துபோகும் முன்பே மூளை ஒரு காவலர்போல முயற்சியைக் குறைத்துவிடுகிறது என்று வாதிட்டார். சாமுவேலே மார்கோரா என்பவர் அப்படி ஒரு காவலரைக் கருத வேண்டியதில்லை என்றும், முயற்சி எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது, அதை ஏற்க நாம் எவ்வளவு விரும்புகிறோம் என்ற இரண்டுமே நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கின்றன என்றும் சொன்னார். அவருடைய குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 90 நிமிடம் மூளைக்குக் கடுமையான வேலை கொடுத்த பிறகு மிதிவண்டி மிதிக்கச் சொன்னபோது, பங்கேற்றவர்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் முன்போலவே இயங்கின. அதே வேலை அவர்களுக்கு அதிகக் கடினமாகத் தோன்றியது, அவ்வளவுதான். நீங்கள் அலுவலகம் முடிந்து நேரே வகுப்புக்குப் போவதாக எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. வீணைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை இசையறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் பரிந்துரை இது. புறப்பாட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளுங்கள். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்ற அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூன்றாவதாக, நடையைத் தோல்வியாகக் கருதாமல் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. ஒன்பது நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே கடிகாரம் சொன்னபடி செய்ய வேண்டும். களைத்த பிறகு நடப்பதற்கும் களைப்பதற்கு முன் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓடிப் பார்த்தால்தான் உணர முடியும்.


சாரணி (திருச்சிராப்பள்ளி) எழுதியது:

வீணை கற்பிப்பதில் முப்பது ஆண்டுகளைக் கடந்தவள் நான். நெடுவழி ஐயா ஓட்டத்தைப் பற்றி எழுதியதைப் படித்து வியந்தேன். ஏனென்றால் வர்ணத்தைப் பற்றி நான் சொல்ல எண்ணியதும் அதுவே.

அம்மா, பத்தில் ஆறேழு முறை வருகிறது என்றால் அந்த இடம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதே பொருள். குறையாகச் சொல்லவில்லை, உள்ள நிலையைச் சொல்கிறேன். வீட்டில் ஆறு முறை வருவது, மற்றவர் முன்னிலையில் மூன்று முறை வரும். ஆகவே அந்த இடத்தில் உங்கள் மனம் 'தவறப் போகிறது' என்று சொல்வது பொய்யல்ல. அதனோடு வாதாடாமல், எது தவறுகிறது என்று அதனிடமே கேளுங்கள்.

என் மாணவர்களிடம் நான் கண்டவரை, நீங்கள் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். முதலாவது, அது இரண்டு பகுதிகள் சேரும் இடம். எல்லோரும் அனுபல்லவியை அதன் தொடக்கத்திலிருந்தும், முக்தாயி சுவரத்தை அதன் தொடக்கத்திலிருந்தும் பயிற்சி செய்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் அந்தச் சிறு வாசலை யாரும் தனியாகப் பழகுவதில்லை. அனுபல்லவியின் கடைசி அரை ஆவர்த்தனத்தில் (ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தொடங்கி, முக்தாயி சுவரத்தின் முதல் அரை ஆவர்த்தனத்தோடு நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்கு அதுவே உங்கள் வர்ணம்.

இரண்டாவது, கமகம், அதாவது சுவரத்தை அசைத்து வாசிப்பது. முதற்காலத்தில் தந்தியை எவ்வளவு இழுத்து, எவ்வளவு அசைத்து வாசிக்கிறீர்களோ, அதை முழுவதும் இரண்டாம் காலத்துக்குள் அடைக்க முயன்றால் எந்தக் கையும் நின்றுவிடும். பாதி நேரத்தில் அத்தனை அசைவுக்கு இடம் கிடையாது. இரண்டாம் காலத்தில் சில கமகங்கள் சுருங்கும்; சில சுவரங்கள் ஏறக்குறைய வெறுமனே நிற்கும். எவற்றைச் சுருக்குவது என்பதை உங்கள் ஆசிரியையிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அவர் விரலைப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

ஒரு வழியும் சொல்கிறேன். நம் முறையில் முதற்காலத்துக்கும் இரண்டாம் காலத்துக்கும் இடையே படிகள் இல்லை, வேகம் ஒரேயடியாக இரட்டிக்கிறது. ஆனால் தாளத்தின் நடையை நாம் நம் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். முதற்காலத்தையே வாசித்துக்கொண்டு, நாளுக்கு நாள் தாளத்தைச் சற்று விரைவாக்குங்கள். அது போதிய அளவு விரைந்ததும், தாளத்தைப் பாதியாக்கி அதே வேகத்தில் வாசியுங்கள். அதுதான் இரண்டாம் காலம். கைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் நீங்கள் செய்கிறீர்கள், தாளம் மட்டுமே மாறியிருக்கிறது. சிறுவயதில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாட வைத்ததன் பயன் இங்கேதான் வெளிப்படும். வயதில் மூத்தவர்கள் பலர் உருப்படிக்கு விரைந்து வரும் ஆவலில் அந்த வரிசைகளை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நாங்களும் அவர்களுடைய ஆவலை முறிக்க மனமின்றி விட்டுவிடுகிறோம்.

மன்னிப்புக் கேட்பதைப் பற்றி ஒன்று. பயிற்சியில் இரண்டு வகை உண்டு. ஒன்று திருத்தும் அமர்வு. அதில் தவறிய இடத்தில் நிறுத்தலாம், நிறுத்தத்தான் வேண்டும். மற்றது வாசித்து முடிக்கும் அமர்வு. அதில் வீடே இடிந்தாலும் தாளம் நிற்கக் கூடாது. கை தவறினால் வலக்கைச் சிறுவிரலால் தாளத் தந்திகளை மட்டும் மீட்டிக்கொண்டு காத்திருந்து, அடுத்த எடுப்பில் சேர்ந்துகொள்ள வேண்டும். நீங்கள் முதல் வகையை மட்டுமே பழகியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறியதும் நிறுத்துவதையே கை பல நூறு முறை கற்றிருக்கிறது. மன்னிப்பு என்ற சொல்லும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

பெரியவர்களை எடுத்துக்காட்டாகச் சொன்னால் மாணவர்கள் தம்மை இன்னும் சிறியவர்களாக உணர்கிறார்கள் என்பதால் நான் அதைத் தவிர்ப்பேன். இருந்தாலும் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரை மட்டும் சொல்வதுண்டு. குரல் இனிமை அவருக்கு இயல்பாக அமைந்த கொடையல்ல. கரகரப்பும் அடைப்பும் கொண்ட குரல் அது. அந்தக் குரலை வைத்துக்கொண்டே, அதற்கு ஏற்ற பாட்டு முறையை உழைத்து அமைத்துக்கொண்டு, 1947இல், நாற்பது வயதுக்குள், சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்.


ஒன்றரைக் கட்டை (மதுரை) எழுதியது:

சாரணி அம்மா எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் ஐயத்தை முழுவதும் கைத்திறன் சிக்கலாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சில நேரங்களில் அந்தக் குரல் நம்முடையதே அல்ல.

எட்டு வயதிலிருந்து வாய்ப்பாட்டுக் கற்றேன். நான்கு கட்டைச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தேன். 14 வயதில் குரல் உடையத் தொடங்கியது. மேல் சட்ஜம் எட்டவில்லை, கீழே சுருதி நிற்கவில்லை. ஒரு நாள், எல்லா மாணவர்களும் அமர்ந்திருக்கும்போது, "உனக்குச் சுருதி ஞானமே இல்லை, வேறு ஏதாவது செய்" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் குரல்வளை வளர்ந்து குரல் தாழும், ஓராண்டோ இரண்டாண்டோ பொறுத்துக் கீழான சுருதியில் மறுபடி தொடங்க வேண்டும் என்பதை எனக்கோ என் பெற்றோருக்கோ யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நான் பாட்டை விட்டேன். கல்லூரிக் காலத்தில் ஓடத் தொடங்கினேன். அங்கே யாரும் என்னிடம் சுருதி கேட்கவில்லை.

27 வயதில் வேறோர் ஆசிரியரிடம் போனேன். அவர் சுருதிப் பெட்டியை, முன்னதைவிடத் தாழ்ந்த ஒன்றரைக் கட்டையில் வைத்து, மாயாமாளவகௌளையில் மெதுவாக ஸ, ப, மேல் ஸ மட்டும் பாடச் சொன்னார். சுருதி நின்றது. பதின்மூன்று ஆண்டுகளாக எனக்குள் ஒலித்துக்கொண்டிருந்த தீர்ப்பு தவறானது என்று அறிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அழுதேன். ஆகவே ஏழாம் தந்தி அக்காவிடம் கேட்க விரும்புகிறேன்: "உன்னால் ஆகாது" என்று பாலத்தில் சொல்வது யாருடைய குரல்? அந்தச் சொற்களை முதலில் உங்களிடம் சொன்னவர் யார் என்று நினைவிருக்கிறதா?

ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் முதல் சிம்பொனி 1897இல் அரங்கேறியபோது படுதோல்வி அடைந்தது. விமர்சனங்கள் கடுமையாக இருந்தன. அதன்பின் சில ஆண்டுகள் அவரால் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. 1900இல் நிக்கொலாய் டால் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற பிறகே மறுபடி எழுதினார். தம் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார். மற்றவர் சொல்லால் உண்டான காயத்தைத் தனி முயற்சியால் மட்டும் ஆற்றிவிட முடியாது, இன்னொருவர் துணை தேவைப்படலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.


சாரணி எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆசிரியப் பணியின் முதல் ஆண்டுகளில் நானும் ஒரு பெண்ணிடம் ஏறக்குறைய அதே சொற்களைச் சொல்லியிருக்கிறேன். அவள் மறு வாரம் வரவில்லை. அன்றைக்கு அது கண்டிப்பு என்று எண்ணியிருந்தேன். நீங்கள் சொல்வது சரி. நான் எழுதியதில் அந்தப் பக்கம் விடுபட்டுவிட்டது.


தசைநார் (சேலம்) எழுதியது:

இயன்முறை மருத்துவராக ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிவு செய்கிறேன். ஐயத்தைத் தாண்டிச் செல்லப் பழகும் ஆர்வத்தில் வலியையும் தாண்டிச் செல்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரு கால்களிலும் பரவலாக இருக்கும் சோர்வு வேறு. முன்கால் எலும்பில் விரலால் சுட்டிக்காட்டக்கூடிய ஓரிடத்தில், அழுத்தினால் கூடும், ஓட ஓட மிகும் வலி வேறு. பின்னது எலும்பில் அழுத்த முறிவின் தொடக்கமாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், வியர்த்துக் கொட்டும்போதே குளிர்வது ஆகியவற்றில் அந்தக் கணமே நிற்க வேண்டும். வீணை வாசிப்பவர்களுக்கு விரல் நுனி காய்ப்பது இயல்பு. விரல் மரத்துப்போவதும் மணிக்கட்டில் வலி தங்குவதும் இயல்பல்ல. பியானோ கலைஞராக விரும்பிய ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் வலக்கை பழுதுபட்டு அந்த விருப்பத்தையே கைவிட நேர்ந்தது.


பனிப்பாதை (ஸ்கார்பரோ) எழுதியது:

பாலம் என்ற சொல்லைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து போரால் இடம்பெயர்ந்தவர்களோடு மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது எனக்கு 12 வயது. வட இலங்கைச் சங்கீத சபையின் மூன்றாந்தரப் பரீட்சைக்கு வயலின் ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தச் சனத்துக்குள் நடக்க இயலாது என்று அம்மா சொன்னதால் வயலினை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். பிறகு அதைக் காணவில்லை.

கனடாவில் 38 வயதில் மறுபடி தொடங்கினேன். அப்போது எனக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ள நீண்ட காலம் எடுத்தது. இடைப்பட்ட இருபத்தாறு வருடங்களும் நான் இசை கேட்பதை நிறுத்தவில்லை, ஆகவே காது வளர்ந்துகொண்டே வந்திருந்தது. கை மட்டும் 12 வயதிலேயே நின்றிருந்தது. வில்லை வைத்த முதல் நாளே என் காதுக்குப் பிடிக்காத ஒலி என் கையிலிருந்து வந்தது. பயிலப் பயிலக் கை முன்னேறியது. காதோ அதைவிட விரைவாகக் கூர்மையாகிக்கொண்டு போனது. இதனால் நான் முன்னேறிய மாதங்களில்தான் 'எனக்கு வராது' என்ற எண்ணம் மிகக் கடுமையாக இருந்தது. சகோதரி, சென்ற ஆண்டு உங்களுக்குக் கேட்காத பிசகுகள் இன்று கேட்பதாலும் உங்கள் ஐயம் கூடியிருக்கலாம். மாதத்துக்கு ஒரு முறை வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்து, உடனே கேட்காமல், மூன்று மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அது ஒன்றுதான் நியாயமான சாட்சியாக இருந்தது.

ஓட்டத்துக்கு என்னைக் கொண்டுவந்தது 2011இல் டொரண்டோ மாரத்தானில் நான் கண்ட காட்சி. ஃபௌஜா சிங் ஐயா 100 வயதில் முழு மாரத்தானை எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடித்தார். அவர் தம் 89ஆம் வயதில், 2000ஆம் ஆண்டு இலண்டனில்தான் முதன்முதலாக மாரத்தான் ஓடியவர். வீதியோரத்தில் நின்ற என்னைக் கடந்து அவர் போனபோது, அந்த வேகத்தைவிட விரைவாக என்னால் நடக்க முடியும் என்று தோன்றியது. அவர் அதைப் பற்றிச் சிறிதும் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. மெதுவாக ஓடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதை நான் அன்று விளங்கிக்கொண்டேன்.


ஏழாம் தந்தி எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

நீங்கள் ஒவ்வொருவரும் எழுதியதை ஒரு நோட்டில் படியெடுத்து வைத்து, ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓட்டத்தில் புறப்பாட்டை 4.45க்கு மாற்றினேன். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்பது முதல் வாரத்தில் மிகக் கடினமாக இருந்தது. கால்கள் அல்ல, என்னை முந்திச் செல்பவர்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓடுவதுதான் கடினமாக இருந்தது. ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்பதைக் கடிகாரம் சொன்னபடி செய்தேன். இரண்டாவது ஞாயிறு, பாலத்துக்குச் சற்று முன்பே நடைக்கான நிமிடம் வந்தது. நடந்து முடிந்து ஓடத் தொடங்கியபோது பாலத்தின் மேல் இருந்தேன். 'உன்னால் ஆகாது' என்ற எண்ணம் வழக்கம்போல வந்தது. அது வந்தபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து ஞாயிறுகளில் மூன்று முறை முழுத் தொலைவையும் முடித்தேன். ஒரு முறை கனமழை. ஒரு முறை வலக்கால் எலும்பில் ஓரிடம் வலித்ததால், தசைநார் எழுதியதை நினைத்து ஏழாவது கிலோமீட்டரிலேயே நின்று ஆட்டோவில் வீடு திரும்பினேன். எலும்பில் ஒன்றுமில்லை, தசையில்தான் என்று மருத்துவர் சொன்னார். அன்று நின்றதற்காக நான் வருந்தவில்லை. முன்பு நின்றதற்கும் அன்று நின்றதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு விளங்கியது.

வகுப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றித் தர முடியுமா என்று ஆசிரியையிடம் கேட்டேன், உடனே ஒப்புக்கொண்டார். கமகத்தைச் சுருக்குவது பற்றிக் கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது. முக்தாயி சுவரத்தை எனக்காக நான்கு முறை வாசித்துக் காட்டினார். இரண்டாம் காலத்தில் நான் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு இடங்களில் அவர் விரல் தந்தியை ஏறக்குறைய அசைக்கவே இல்லை. மூன்றாண்டுகளாக அவர் எதிரிலேயே அமர்ந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

சென்ற சனிக்கிழமை இரண்டாம் காலம் வாசித்தேன். அதே வாசலில் மறுபடியும் தவறியது. மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. சிறுவிரலால் தாளத் தந்தியை மீட்டிக்கொண்டு காத்திருந்து, அடுத்த ஆவர்த்தனத்தில் சேர்ந்தேன். ஆசிரியை தாளத்தை நிறுத்தவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை. முடிந்ததும் "சரணம் எடுங்கள்" என்றார். பக்கத்தில் இருந்த சிறுமி தன் வீணையின் சுருதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் தவறியதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

மதுரைத் தம்பி கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். அது யாருடைய குரல் என்பதும் தெரியும். அவர் இப்போது உயிரோடு இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத இன்னும் எனக்கு மனம் வரவில்லை, ஆனால் கேட்டதற்கு நன்றி தம்பி.

சாரணி அம்மாவுக்கு ஒரு கேள்வி. சரணத்தில் முதல் எத்துக்கடை சுவரம் (சரண வரியைத் தொடர்ந்து வரும் சுவரக் கோவை) வந்துவிட்டது. இரண்டாவது எத்துக்கடையை முடித்துச் சரணத்தின் வரிக்குத் திரும்பும் இடத்தில் கை இப்போதே தயங்குகிறது. இதையும் வாசல்போலவே பழகலாமா?


சாரணி எழுதியது:

பழகலாம். ஆனால் அங்கே திரும்புவது ஒவ்வொரு எத்துக்கடைக்குப் பிறகும் வரும் ஒரே வரி. ஆகவே கடினம் வரியில் இல்லை, எத்துக்கடையின் கடைசி நான்கைந்து சுவரங்களில் இருக்கக்கூடும். அவற்றை வாயால் பாடிப் பாருங்கள். பாடும்போதும் தயங்கினால் விரலை விட்டுவிட்டு, முதலில் மனப்பாடத்தைச் சரிசெய்ய வேண்டும். பாட்டில் தடையின்றி வந்து வீணையில் மட்டும் நின்றால், எந்த மெட்டில் எந்த விரலை வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.